ஐந்து விரலும் விரிந்த கை

(தலைப்பு: விளையாட்டு வீரனுக்குப் பெருமை தருவது திறமையா? குணமா? ‘குணமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, உத்திரமேரூர்ப் பெருமக்களே, வீட்டிலே காபி டம்ளரோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர், “ஆட்டக்காரனுக்கு ஆட்டம்தான் முக்கியம். குணத்தைப் பார்க்க இதென்ன பொண்ணு பார்க்கிற படலமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். (சிரிப்பு) கேள்வி நல்ல கேள்விதான். கேட்ட இடம்தான் சரியில்லை. ஏன்னா, இது உத்திரமேரூர். குணத்தைப் பார்க்காமல் பொறுப்பைக் கொடுக்காதே என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர்!

இந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இந்தக் குடவோலை முறையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். ஆனால் யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம். சொந்த மனையில் வீடு. கல்வி. இதோடு விட்டார்களா? சம்பாதித்தது நேர்வழியில்தானா, மனசு சுத்தமா என்றும் கேட்டார்கள். முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சின்னம்மா மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன் வரைக்கும் தள்ளுபடி! (பலத்த சிரிப்பு) அப்படியானால் ஒவ்வொரு வீட்டிலும் மாப்பிள்ளையை மாமனாரே கண்காணித்திருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை. மற்றச் சமூகத்தாருக்கோ பெண்களுக்கோ அதிலே இடமில்லை. அதை மறைத்துப் பெருமை பேசினால் நானும் கணக்குக் காட்டாதவன் ஆகிவிடுவேன். ஆனாலும் அந்தக் கல்வெட்டில் என்னை உருக்குகிற ஓரிடம் உண்டு. எடுத்த ஓலையை வாங்கிப் படிக்கிறவருக்கு மத்தியஸ்தன் என்று பெயர். தமிழில் சொன்னால் நம்ம நடுவர்! அவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் ஓலையை வாங்க வேண்டும். கையில் வேறொன்றும் ஒளித்து வைக்கவில்லை என்று ஊருக்கே தெரிய வேண்டும். (கைதட்டல்)

சரி, அந்த நடுவரே தப்பாகச் சொல்லிவிட்டால்? அந்தத் தப்பு நமக்கு லாபமாக இருந்தால்? அப்போது நம் கை விரியுமா, மூடுமா? இந்தப் பட்டிமன்றத்தின் உயிரே இந்தக் கேள்விதான்.

குண்டப்பா விசுவநாத் என்று ஒரு கிரிக்கெட் வீரர். பத்ராவதியில் பிறந்தவர், ஆள் குள்ளம். திறமை இல்லாதவன்தான் குணத்தைப் பேசுவான் என்று நண்பர் சொன்னார் இல்லையா? விசுவநாத் 1969-இல் கான்பூரில் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், இரண்டாவதில் 137. 1975 ஜனவரியில் நம்ம சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் சாய்த்தபோது, இந்தியா எடுத்த 190-இல் இவர் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. சதத்துக்கு மூன்று குறைவு. ஆனாலும் எத்தனையோ சதங்களை மறந்த சென்னைக்காரன் அந்த 97-ஐ மறக்கவில்லை.

அவர் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியது இரண்டே இரண்டு டெஸ்டுகளில். அதில் ஒன்று 1980 பிப்ரவரியில் பம்பாயில் இங்கிலாந்தோடு நடந்த பொன்விழா டெஸ்ட். இந்தியா 242. இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்து தத்தளிக்கிறது. கபில்தேவ் பந்தில் பாப் டெய்லர் கேட்ச் கொடுத்தார் என்று நடுவர் கையைத் தூக்கிவிட்டார். ஆட்டம் நம்ம கையில்! ஆனால் பந்து மட்டையில் படவில்லை என்பது விசுவநாத்துக்குத் தெரிகிறது. நேராக நடுவரிடம் போனார். தீர்ப்பைத் திரும்பப் பெறச் சொல்லி, டெய்லரை மறுபடி ஆடவைத்தார்.

அப்புறம் நடந்ததை எதிரணிக்கு மிச்சம் வைக்காமல் நானே சொல்லிவிடுகிறேன். டெய்லர் 43. போத்தம் 114. இரண்டு பேரும் சேர்ந்து 171. இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது.

“பார்த்தீரா, குணம் தோற்கடித்துவிட்டது” என்பார்கள். ஐயா, அந்த ஆட்டத்தில் போத்தம் 13 விக்கெட்டும் எடுத்தார். அவர் திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அன்றைக்குத் தோற்ற கேப்டனை ஏன் இத்தனை வருஷம் கழித்தும் பேசுகிறோம்? தோற்றால் என்ன ஆகும் என்று தெரிந்தும் கையை விரித்துக் காட்டினாரே, அதனால்தான். ஜெயிக்கிற நாளில் நேர்மை யாருக்கும் சுலபம். விலை கொடுத்து வாங்கும்போதுதான் அது நம்முடையதாகிறது. (கைதட்டல்)

கடல் கடந்தும் ஒருவர். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம், நம்ம கிரிக்கெட்டுக்குப் பங்காளி மாதிரி. அதில் ராபர்ட்டோ கிளமெண்ட்டே, போர்ட்டோரிக்கோ தீவுக்காரர். 1972-இல் 3,000 ‘ஹிட்’ என்ற சிகரத்தைத் தொட்டார். அந்த டிசம்பரில் நிகராகுவாவில் பூகம்பம். இவர் திரட்டி அனுப்பிய உதவி கஷ்டப்பட்டவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டார். “கொடுத்தாச்சு, என் கடமை முடிஞ்சுது” என்று இருக்கவில்லை. டிசம்பர் 31 இரவு, தானே விமானம் ஏறினார். கிளம்பிய சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. வயது 38. உடல்கூடக் கிடைக்கவில்லை. கொடுத்த பொருளுக்கும் கணக்குப் பார்க்கப் போன மனிதர் அவர். இந்த ஊர்க் குடத்தில் போட வேண்டிய ஓலை அது!

தாய்மார்களே, உங்கள் பிள்ளை விளையாடிவிட்டு வந்தால், “ஜெயிச்சியா?” என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே, “அவுட்டுன்னு தெரிஞ்சா நீயே ஒத்துக்கிட்டியா?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாளைக்கு ஊர்ப் பணம் அவன் கையில் வரும்போது அந்தக் கேள்வி காவல் நிற்கும்.

நடுவர் அவர்களே, குடத்தில் இரண்டு ஓலை கிடக்கிறது. கையை விரித்து வாங்கி, ‘குணமே’ என்று ஊர் கேட்கப் படியுங்கள்.

(பலத்த கைதட்டல்)