பாறையும் காந்தத் தூசியும்

வளைகுடாவின் எழுத்து வரலாறு என்றால் நூல்களைச் சொல்வோம், இதழ்களைச் சொல்வோம். அவை எதில் சேமிக்கப்பட்டன என்று கேட்பதில்லை. இன்று அதைப் பற்றிப் பேசலாம்.

1980களில் குவைத்தின் அல் ஆலமியா நிறுவனம் 'ஸக்ர்' என்ற கணினியை விற்றது. அரபியில் 'பாறை' என்று பொருள். நிறுவியவர் முகம்மது அல் ஷாரிக், சிறுகதையாளரும்கூட. ஏஎக்ஸ் 170 போன்ற அதன் கணினிகள் 1983இல் அறிவிக்கப்பட்ட எம்எஸ்எக்ஸ் தரத்தில் அமைந்தவை. அரபு வீட்டுப் பிள்ளைகள் பலர் தம் எழுத்தைத் திரையில் கண்டது இவற்றில். 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. நிறுவனம் கெய்ரோவுக்குப் போனது. கணினிகள் பரணுக்குப் போயின.

எம்எஸ்எக்ஸ் கணினிகளின் 3.5 அங்குல ஃபிளாப்பியை இன்று எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? அதன் 'படிமத்தை' எடுக்கிறார்கள். வட்டுக்கு இரண்டு பக்கம். பக்கத்துக்கு 80 தடம். தடத்துக்கு 9 பிரிவு. பிரிவுக்கு 512 பைட். பெருக்கினால் 7,37,280 பைட். டிஎஸ்கே என்னும் படிமக் கோப்பின் அளவும் மிகச் சரியாக இதுவே. முன்னுரை, முகப்பு எதுவும் கிடையாது. பிரிவுகள் வரிசையாக நிற்கும். முதல் பிரிவில் வட்டின் அளவுக் குறிப்புகள். அடுத்த ஆறில், எந்தக் கோப்பு எங்கெங்கே தொடர்கிறது என்னும் அட்டவணை, இரண்டு பிரதிகளாக. அடுத்த ஏழில் பெயர்ப்பட்டியல். ஒரு பெயருக்கு 32 பைட், ஆக 112 பெயர்கள். அதன்பிறகே நம் எழுத்து.

ஆனால் இந்தப் படிமம் எல்லாவற்றையும் எடுத்துவருவதில்லை. பிரிவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளும் சரிபார்ப்பு எண்களும் விடுபட்டுப்போகும். திருட்டு நகலைத் தடுக்க சில விளையாட்டு நிறுவனங்கள் வேண்டுமென்றே பிழையான பிரிவுகளை வைத்தன, அவையும் போய்விடும். அதற்காகவே தடத்தை முழுதாகப் பதியும் டிஎம்கே வடிவம் வந்தது. காந்தத் திசை மாறும் நேர இடைவெளிகளையே அளந்து பதியும் ஃபிளக்ஸ் படிமங்கள் அதற்கும் ஒருபடி மேல்.

இனி நம் கதைக்கு வருவோம். யூனிகோட் பரவும் முன் வளைகுடாத் தமிழர் பலர் எழுத்துரு சார்ந்த குறியீடுகளில் எழுதினார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் வட்டில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். எழுத்துரு இல்லாவிட்டால் அங்கே அம்மா இல்லை. டிஸ்கியிலோ 'கெ' எழுதினால் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் இது தலைகீழ். ஒரு பைட்கூடக் குறையாமல் மீட்ட கதையும், எந்தக் குறியீடு என்று தெரியாவிட்டால் ஊமைதான்.

ஷாரிக் பிற்காலத்தில் பழைய அரபு இலக்கிய இதழ்களை மின்னாக்கி இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்தார். 2024இல் மறைந்தார். பாறை என்று பெயரிட்ட கணினி நிற்கவில்லை. அந்த இதழ்கள் நிற்கின்றன.

உங்கள் பெட்டியிலும் ஒரு ஃபிளாப்பி கிடக்கலாம். எழுதுதடை ஓட்டையைத் திறந்துவைத்து, முதலில் படிமம் எடுங்கள். கோப்பைத் திருத்துவது பிறகு. எந்த ஆண்டு, எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் படிமம் பாதிதான்.