உறைபதன ஆயத்த உணவும் நச்சுணவு நோயும் (சிங்கப்பூர்)

உறைய வைத்து விற்கப்பெறும் ஆயத்தப் பதார்த்தங்களைப் பாகம் முற்றுமுன் உண்பதால் சால்மொனெல்லா முதலிய கிருமிகள் உடலிற் புகுந்து விளைவிக்கும் நோய். வயிற்றுப்போக்கு, வாந்தி, ஜுரம் ஆகியன இதன் லக்ஷணங்கள். உறைபெட்டியின் −18 பாகைக் குளிர் கிருமிகளின் பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி அவற்றை முற்றும் அழிப்பதில்லை. தேக்கா வட்டாரத்துக் கடைகளிலும் நகரின் பேரங்காடிகளிலும் விற்கும் இவ்வகைப் பண்டங்களுள், மேற்புறம் முன்னரே பொன்னிறமாகப் பொரிக்கப்பட்டும் உள்ளே பச்சையாகவே இருக்கக்கூடிய கோழிப் பண்டம், வெந்துவிட்டதெனக் கண்ணை ஏய்ப்பதால், பரோட்டாவினும் அபாயம் மிக்கது; நுண்ணலை அடுப்போ ஓரம் கொதிக்க நடுவைக் குளிர விட்டுவிடுவதுமுண்டு. உருகி வடியும் நீர் சமைத்த உணவிற் படுவதும் கேடே: 2009 ஏப்ரலில் இருவர் உயிரிழந்த கேலாங் சிராய் ரொஜாக் நிகழ்ச்சியில், உறைபதனப் பண்டம் சம்பந்தப்படாவிடினும், பச்சைக் கடலுணவிலிருந்து கிருமி தாவியதே காரணமெனக் கருதப்பட்டது. 2019இல் நிறுவப்பெற்ற சிங்கப்பூர் உணவு அமைப்பு, 5 முதல் 60 பாகை வரையிலான உஷ்ணத்தை அபாய எல்லையென வகுத்து, உணவின் நடுப்பகுதி 75 பாகையை எட்டவேண்டுமென அறிவுறுத்துகிறது.