பழவேற்காட்டுப் பாடும் பரிசுச் சீட்டும்

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்றால் போலீஸ் பிடிக்கும். பொன்னேரி தாண்டி காட்டூர், பழவேற்காடு பக்கம் போனால், ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யும் வழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. அதற்குப் 'பாடு' என்று பேர். இரண்டுமே குலுக்கல்தான். ஆனால் சட்டம் ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது, இன்னொன்றைக் கண்டுகொள்வதே இல்லை.

முதலில் சட்டத்துக்குத் தெரிந்த குலுக்கல். கேரளம் 1967-ல் இதற்கென்றே ஒரு துறை தொடங்கி, 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கலை நடத்தியது. அதே 1968-ல் அண்ணா ஆட்சியில் இங்கேயும் வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் நம்மில் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அரசுகள் இதைச் செய்வது புதுசும் இல்லை. பிரிட்டன் 1826-ல் நிறுத்திவிட்டு, 1994-ல் தேசிய லாட்டரி என்று மறுபடி ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1964-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் வழிகாட்டியது.

இந்தியாவில் 1998-ல் வந்த லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தில் சுவாரசியமான விதிகள் உண்டு. சீட்டை மாநில அரசுதான் அச்சடிக்க வேண்டும். ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கல்தான். ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது. வெளிமாநிலச் சீட்டை ஒரு மாநிலம் தடை செய்யலாம். ஆனால் 1999-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கொக்கி போட்டது: அடுத்தவன் சீட்டைத் தடுக்கணும்னா உன் சீட்டையும் நீ நிறுத்தணும். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு மொத்தமாகத் தடை செய்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். சொந்த லாட்டரியை வைத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் விரட்ட வழியே இல்லை. தடைக்குப் பிறகும் கேரள முடிவின் கடைசி மூணு நம்பரை வைத்துத் திருட்டுத்தனமாகப் பந்தயம் ஓடுவது தனிக்கதை.

இப்போது ஏரிக்கு வருவோம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கடலுக்கும் ஏரிக்கும் நீர் ஏறி இறங்கும் இடத்தில்தான் இறால் நிறையக் கிடைக்கும். கழி நட்டு வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். முந்தினவனுக்கு இடம் என்றால் தினமும் அடிதடிதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று பட்டினவர் ஊர்கள் முறை வைத்துக்கொண்டன. எந்த இடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் சொல்லும், பிறகு முறை சுற்றி வரும். (எங்க தொழிலில் இதை 'ரவுண்ட் ராபின்' என்போம்.) லாட்டரியில் எல்லோரும் காசு கட்டி ஒருத்தர் அள்ளுகிறார். பாட்டில் நல்ல இடம், மட்டமான இடம் இரண்டும் எல்லோருக்கும் மாறி மாறி வரும்.

இங்கே 'எல்லோரும்' என்றால் யார்? அந்த மூன்று ஊர்ப் பட்டினவர்கள். ஏரியை நம்பியிருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் பாடு கிடையாது. உத்திரமேரூர் குடவோலையும் இப்படித்தான். கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தால்தான் பேரே குடத்துக்குள் போகும். குலுக்கல் நியாயமானதுதான், உள்ளே போட்ட சீட்டுகளுக்குள்ளே.

பாடு என்ற சொல் இலங்கையிலும் உண்டு. கரைவலை இழுக்கும் இடத்தைத் தமிழ் மீனவர்கள் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நீர்கொழும்பு களப்பில் பழவேற்காடு மாதிரியே கழிவலைக்குக் குலுக்கல் நடக்கிறது. அங்கே அரசு 1958-லேயே அதற்கு ஒழுங்குவிதிகள் போட்டு, மீனவர் சங்கங்களின் முறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. சண்டை வந்தால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதத்திலும் யார் உறுப்பினர் என்ற வேலி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழவேற்காட்டில் அப்படி ஒரு காகிதம் இல்லை. பாடு இல்லாதவர்கள் கேள்வி கேட்கும்போது, வழக்கம் என்பதுதான் மூன்று ஊர்களின் பதில். கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கதவைத் திறந்தால் ஒவ்வொருவருக்கும் முறை வரும் இடைவெளி நீளும். இடையில் முகத்துவாரத்தை மணல் மூடினால், குலுக்குவதற்கு நல்ல இடமே மிஞ்சாது.