‘ஃபைனல் ஃபான்டஸி 7’ மறு உருவாக்கம்: ரசிகர்களின் எதிர்பார்ப்பைக் கையாண்டது எப்படி?

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம், ‘ஃபைனல் ஃபான்டஸி 7’ என்ற புகழ்பெற்ற ரோல் பிளேயிங் வீடியோ கேமை மூன்று பாகங்களாக மறு உருவாக்கம் செய்து வருகிறது. ‘ரீமேக்’ எனும் முதல் பாகம் 2020-ஆம் ஆண்டிலும், ‘ரீபர்த்’ எனும் இரண்டாம் பாகம் 2024-ஆம் ஆண்டிலும் வெளியாயின. நீண்டகாலம் காத்திருந்த ரசிகர்களிடம் எதை, எப்போது, எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதற்கு இத்தொடர் தெளிவான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

சோதனைக் காட்சியால் எழுந்த ஆவல்

மூல விளையாட்டு, பிளேஸ்டேஷன் சாதனத்துக்காக 1997 ஜனவரி 31-ஆம் தேதி ஜப்பானில் மூன்று குறுந்தகடுகளில் வெளியானது. 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்ற ஈ-3 கண்காட்சியில், அதன் தொடக்கக் காட்சி பிளேஸ்டேஷன் 3 சாதனத்தின் திறனை விளக்கும் வகையில் புதிதாக வரையப்பட்டுத் திரையிடப்பட்டது. அது தொழில்நுட்பச் சோதனை மட்டுமே. ஆயினும், முழு விளையாட்டும் புதுப்பொலிவுடன் வரப்போகிறது என்றே ரசிகர்கள் பலர் எடுத்துக்கொண்டனர். மறு உருவாக்கம் குறித்த முறையான அறிவிப்பு வெளியாக 2015 ஜூன் வரை, அதாவது பத்து ஆண்டுகள், அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

எல்லையை முன்கூட்டியே கூறுதல்

விளையாட்டு ஒரே தொகுப்பாக வராது, பல பாகங்களாகவே வரும் என்பதை நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது. ஒரே கதைக்குப் பலமுறை பணம் செலுத்த வேண்டுமா என்ற அதிருப்தி அப்போது எழுந்தது. மூலத்தில் சில மணி நேரத்தில் கடந்துவிடும் மிட்கார் நகரப் பகுதியே முதல் பாகம் முழுவதையும் நிறைத்தது. இவ்விவரம் வெளியீட்டுக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்ததால், என்ன கிடைக்கும் என்பதை அறிந்தே ரசிகர்களால் வாங்க முடிந்தது.

2020 மார்ச் 3-ஆம் தேதி வெளியாகவிருந்த முதல் பாகம், இறுதி மெருகேற்றலுக்காக ஏப்ரல் 10-ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. இந்த முடிவு அதே ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. வெளியீட்டுக்கு முன்னர் இலவச முன்னோட்டப் பதிப்பும் வழங்கப்பட்டது.

இரண்டாம் பாகத்தில் மாறிய அணுகுமுறை

மொத்தம் எத்தனை பாகங்கள் என்ற கேள்விக்கு 2022 ஜூன் மாதம் விடை கிடைத்தது. கதை மூன்று பாகங்களில் நிறைவுறும் என்று நிறுவனம் உறுதிப்படுத்தியதுடன், இரண்டாம் பாகத்தின் பெயரையும் உத்தேச வெளியீட்டுக் காலத்தையும் வெளியிட்டது. உறுதியான தேதி 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, அதன்படியே 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி பிளேஸ்டேஷன் 5 சாதனத்தில் விளையாட்டு வெளியானது.

முதல் பாகத்தில் ஈட்டிய திறன்களும் ஆயுதங்களும் இரண்டாம் பாகத்துக்கு அப்படியே தொடராது என்பதும் முன்னரே விளக்கப்பட்டது. முதல் பாகத்தை ஆடியவர்களுக்குச் சிறு பரிசுகளும், புதியவர்களுக்கு முன்கதைச் சுருக்கமும் வழங்கப்பட்டன.

சொல்லாமல் விட்டது

வெளியீட்டுக்கு முன் நிறுவனம் ஒன்றை மட்டும் வெளிப்படுத்தவில்லை. மூலக் கதையில் ஏரித் என்ற நாயகி கொல்லப்படுகிறார். வீடியோ கேம் வரலாற்றில் மிகுதியாகப் பேசப்பட்ட மரணங்களுள் இதுவும் ஒன்று. முதல் பாகத்தின் முடிவில் கதாபாத்திரங்கள் விதியையே எதிர்த்துப் போரிடுவதாகக் காட்டப்பட்டதால், ‘ஏரித் இம்முறை பிழைப்பாரா?’ என்ற கேள்வி நான்கு ஆண்டுகள் நீடித்தது. பாகங்களின் எண்ணிக்கை, தேதி, சாதனம் போன்றவற்றைத் தெளிவுபடுத்திய நிறுவனம், கதையின் போக்கை மட்டும் ரகசியமாக வைத்திருந்தது. பணம் செலவிடுவோர் அறிய வேண்டியது வேறு, ஆடி உணர வேண்டியது வேறு என்ற பாகுபாடு இதில் வெளிப்படுகிறது.

நிறுவனத்தின் எதிர்பார்ப்பு

இரண்டாம் பாகம் விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றது. 2024-ஆம் ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த இசைக்கான விருதையும் வென்றது. எனினும், அதன் மூலம் கிடைத்த லாபம் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை என்று ஸ்கொயர் எனிக்ஸ் தெரிவித்தது. தொடக்கத்தில் அது ஒரே சாதனத்தில் மட்டுமே கிடைத்தது. பல சாதனங்களில் விளையாட்டுகளை வெளியிடும் கொள்கையை 2024 மே மாதம் நிறுவனம் அறிவித்தது. இரண்டாம் பாகத்தின் கணினிப் பதிப்பு 2025 ஜனவரி 23-ஆம் தேதி வெளியானது.

ரசிகர்களின் எதிர்பார்ப்பைப் பக்குவமாகக் கையாண்ட நிறுவனத்துக்குத் தனது விற்பனைக் கணிப்பே சவாலாக அமைந்தது குறிப்பிடத்தக்கது. கதையை நிறைவு செய்யும் மூன்றாம் பாகம் இவ்விரு எதிர்பார்ப்புகளுக்கும் விடை கூற வேண்டியுள்ளது.