சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிறகு

மட்டக்களப்பில் வயசான ஆக்களிடம் பிறந்த வருசம் கேட்டால் பலர் "சூறாவளிக்கு முந்தி" என்றுதான் தொடங்குவார்கள். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி அது. ஏறத்தாழ 915 பேர் இறந்தார்கள். இரண்டரை இலட்சம் வீடுகள் வரை சேதமடைந்தன. மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் 90 வீதம் அழிந்துபோனது.

எங்களுக்கு அந்த இரவைத் தந்தது இந்தக் கணக்குகள் இல்லை, அம்மம்மா. கிடுகுக் கூரை முதலில் போயிற்றாம். பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி இருந்திருக்கிறார்கள். சாமத்தில் காற்று சட்டென்று நின்றது. அம்மப்பா மாட்டைப் பார்க்க எழும்பினார். அம்மம்மா சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினா. "இவ்வளவு அடிச்ச காத்து சும்மா நிக்குமா?"

சூறாவளியின் கண் என்று நாங்கள் படிப்பது இதைத்தான். மையம் கடக்கும்போது காற்று ஓயும், பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். அன்றும் அடித்தது. முற்றத்துத் தென்னை மாட்டுக்கொட்டிலுக்கு மேலேயே விழுந்தது.

பள்ளிக்கூடம் அதிகம் போகாத அம்மம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது? எந்த நிவாரணப் பட்டியலிலும் இந்தக் கேள்வி இருக்காது. அப்போது இருபது வயதில் இருந்தவர்களே இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அதனால் இந்த லீவில் பக்கத்து வளவுகளிலும் போனோடு போய்க் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.