பட்டியலும் புலமும்

ஒன்றை எழுதிவைப்பது வேறு. வேண்டிய நேரத்தில் அதனைக் கண்டெடுப்பது வேறு. இவ்வேறுபாட்டை நான் ஒரு பிழையின் வாயிலாகக் கற்றேன். தலைமையாசிரியனாய் இருந்தபோது, ஒரு கல்வியாண்டின் தொடக்கத்தில், செய்ய வேண்டிய வேலைகள் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதினேன். கூரை ஓடு மாற்றுதல், ஆய்வுக்கூடத்திற்குக் கண்ணாடிக் குழாய்கள் வாங்குதல், விளையாட்டு விழாவிற்குப் பந்தல் போடுதல் என்று 140 வரிகள் ஆயின. அவற்றினிடையே, ஒரு மாணவியின் உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும் என்பதும் ஒரு வரி. அவ்வரி என் கண்ணிற்பட்டபோது கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த ஆண்டு அப்பெண்ணுக்கு உதவித்தொகை கிட்டவில்லை. வேலை பட்டியலில் இருந்தது. ஆயினும் உரிய நாளில் அது என் முன் வந்து நிற்கவில்லை.

பட்டியலின் குறைதான் யாது? அதற்கு ஒரே ஒரு வரிசைதான் உண்டு. எழுதிய வரிசையில் வைத்தால் கெடு தெரியாது. கெடுவின் வரிசையில் வைத்தால் எவ்வேலை யாருடையது என்பது சிதறிப்போகும். ஆள்வாரியாகப் பிரித்தால் செலவுக் கணக்குக் கூட்ட வராது. வேலைகள் பத்து இருக்கும்வரை நினைவாற்றல் இக்குறையை ஈடுசெய்யும். நூறு ஆகும்போது அது கைவிட்டுவிடும். இக்காலப் பணிப்பட்டியல் மென்பொருள்கள் இதற்கு ஒரு வழி செய்துள்ளன. ஒவ்வொரு வேலைக்கும் அருகே நாமே பெயரிட்டுச் சிறு சிறு கட்டங்களை அமைத்துக்கொள்ளலாம். கணிப்பொறித் துறையினர் அக்கட்டத்தைப் 'புலம்' என்பர். இவ்வழி கணிப்பொறி பிறக்கும் முன்னரே பிறந்தது என்பதுதான் இன்று நாம் காணப்போகும் வரலாறு.

முதலில் ஏட்டின் கட்டு அவிழ்ந்தது. 1791-ஆம் ஆண்டில், புரட்சிக்குப் பிந்திய பிரான்சு நாட்டில், பறிமுதல் செய்யப்பட்ட நூல்களுக்கு அட்டவணை தயாரிக்க வேண்டியிருந்தது. சீட்டாடும் அட்டைகளின் பின்புறத்தில், ஓர் அட்டைக்கு ஒரு நூல் என்று எழுதுமாறு பணிக்கப்பட்டது. ஏட்டில் எழுதிய வரி அசையாது. அட்டையையோ எடுத்து வேறிடத்தில் செருகலாம். எனினும், ஓர் அட்டையை ஒரு நேரத்தில் ஒரே வரிசையில்தான் வைக்க முடியும். ஆசிரியர் பெயரால் அடுக்கியதைப் பொருளாலும் தேட வேண்டுமாயின் இன்னோர் அட்டை எழுத வேண்டும்.

அடுத்த படி அமெரிக்க நாட்டில் ஏறப்பட்டது. அங்கே 1880-ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் பதிவாயினர். அவ்விவரங்களைத் தொகுத்து முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அப்பணியில் ஈடுபட்ட இளைஞர் எர்மன் ஒல்லரித் என்பவர். ஒருமுறை அவர் இரயிலில் சென்றபோது, நடத்துநர் பயணச்சீட்டில் துளையிடுவதைக் கண்டார். முடி கறுப்பா வெளுப்பா, மூக்கு பெரிதா சிறிதா என்பன போன்ற அடையாளங்களை அத்துளைகள் குறித்தன. ஒருவர் சீட்டை மற்றொருவர் பயன்படுத்தாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஒரு மனிதனை அடையாளங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடத்தை நிலையாக ஒதுக்கலாம் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆளுக்கோர் அட்டை உண்டு. வயது, ஆண் பெண் பாகுபாடு, பிறந்த இடம், தொழில் முதலியவற்றுக்கு அட்டையில் தனித்தனி இடங்கள், அங்கங்கே துளைகள். எந்திரத்தின் ஊசிகள் துளை வழியே இறங்கிப் பாதரசத்தைத் தொட்டதும் மின்னோட்டம் பாய்ந்து, எண்காட்டும் முகப்பு ஒன்று நகரும். அத்தகைய முகப்புகள் 40 இருந்தன. அட்டை சரியாகப் பதிவானால் ஒரு மணி ஒலிக்கும். ஒலிக்காவிடில், துளையிடுவதில் ஏதோ விடுபட்டது என்று அறிந்து அவ்வட்டையைத் தனியே எடுத்து ஆராய்வர். இம்மணியை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். மக்கள்தொகை ஆறு கோடியைத் தாண்டியிருந்தும் கணக்கு முன்னைவிட விரைவாக முடிந்தது. ஒல்லரித் 1896-இல் தொடங்கிய நிறுவனம் பிறவற்றுடன் இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது.

இதே கருத்தை அறிவுத் துறை முழுமைக்கும் விரித்துக் காட்டியவர் நம் நாட்டவர். அதிலும் ஓர் ஆசிரியர். சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தது, மெல்வில் தூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை. அதில் பொருள்களுக்குரிய எண்கள் பெரும்பாலும் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தன. தஞ்சை மாவட்டத்தில் நெற்பயிரின் நோயைத் தடுப்பது பற்றிய நூல் ஒன்று வருகிறது எனக் கொள்வோம். அதனை நெல்லின்கீழ் வைப்பதா, நோயின்கீழ் வைப்பதா, தஞ்சையின்கீழ் வைப்பதா?

இலண்டன் நகரக் கடை ஒன்றில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொருளை அரங்கநாதன் கண்டார். சில பட்டைகளும் திருகாணிகளும் கொண்டு பல்வேறு பொம்மைகளை ஆக்கும் பெட்டி அது. பொருளையும் இவ்வாறே உறுப்புகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்தால் என்ன என்று எண்ணினார். அதன் விளைவே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. உறுப்புகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் அப்பெயர் பெற்றது. பின்னர் அவர் எல்லா உறுப்புகளையும் தலைமைப் பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம் என்னும் ஐந்து வகையுள் அடக்கினார். ஒரு பொருளுக்கு ஒரு பெட்டி என்ற நிலை மாறி, ஒரு பொருளுக்குப் பல முகங்கள் என்ற நிலை வந்தது. இன்றைய மென்பொருளில் ஒரு வேலைக்கு அருகே பொறுப்பாளர், இடம், கெடு என்று புலங்களை நாம் வகுக்கும்போது, அறிந்தோ அறியாமலோ அவர் சென்ற வழியிலேயே செல்கிறோம்.

கணிப்பொறி உலகில் இக்கருத்துக்கு உறுதியான கணித அடிப்படை அமைத்தவர் எட்கர் காடு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய அவர், விவரங்களை நிரையும் நிரலுமாகிய அட்டவணைகளில் வைக்கலாம் என்று 1970-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். விவரம் எந்திரத்தினுள் எங்கே இருக்கிறது என்று கேட்போர் அறியத் தேவையில்லை. எது வேண்டும் என்று சொன்னாற் போதும். 1979-இல் வெளிவந்த விசிகால்க் என்னும் விரிதாள், நிரையையும் நிரலையும் எளியோர் மேசைக்குக் கொண்டுவந்தது. 1988-இல் லோட்டசு நிறுவனம் வெளியிட்ட அசெண்டாவில், ஒரே குறிப்பு ஒரே நேரத்தில் பல வகைகளுள் இடம்பெறலாம். கார்சுடன் தொமினிக் என்னும் வானியல் அறிஞர் 2003-இல் தம் சொந்தத் தேவைக்காக ஆர்க் மோடு என்பதனை உருவாக்கினார். அதில் வேலைதோறும் நாம் விரும்பும் பண்புகளை இணைத்து, அவற்றை நிரல்களாகவும் காணலாம்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, புலத்தை வகுக்குமுன் கேள்வியை வகுக்க வேண்டும். ஆண்டு விழாவுக்கு 300 வேலைகள் உள்ளன எனின், "இந்த வாரம் முடிய வேண்டியவை எவை? இன்னார் கையில் இருப்பவை எவை? பணத்துக்காக நிற்பவை எவை?" என்பன நாம் நாள்தோறும் கேட்பவை. எனவே கெடு, பொறுப்பாளர், நிலை என்னும் மூன்று புலங்கள் போதும். எட்டுப் புலங்கள் வைத்தால் 2,400 கட்டங்களை நிரப்ப வேண்டும். வேலை செய்வதை விட்டுக் கட்டம் நிரப்புவதே வேலையாகிவிடும்.

இரண்டாவது, ஒவ்வொரு புலத்துக்கும் தக்க வகையைத் தேர்தல் வேண்டும். எண்ணை எழுத்தாகப் பதிந்தால், வரிசைப்படுத்தும்போது 10 என்பது 2-க்கு முன்னே வந்து நிற்கக்கூடும். நிலையைக் குறிக்க ஒருவர் 'முடிந்தது' என்றும் மற்றவர் 'முடிவுற்றது' என்றும் எழுதினால், எந்திரம் அவற்றை இரண்டாகவே கொள்ளும். ஆதலின், அத்தகைய புலத்தில் சொற்களை முன்னரே வரையறுத்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு அமைப்பதே நன்று.

மூன்றாவதே தலையாயது. புலம் காட்டவும் செய்யும், மறைக்கவும் செய்யும். "இந்த வாரக் கெடு உடையவற்றைக் காட்டு" என்று கேட்டால், கெடுவே பதியாத வேலை அங்கே தோன்றாது. அன்று என் குறிப்பேட்டில் அது நெரிசலில் மறைந்தது. இன்று மென்பொருளில் அது வெற்றுக் கட்டத்தில் மறையும். ஒல்லரித்தின் எந்திரத்தில் அட்டை குறையுடையதாயின் மணி ஒலிக்காமல் நின்று எச்சரித்தது. நம் பட்டியலுக்கு அம்மணியை நாமே கட்ட வேண்டும். கெடு இல்லாதவை எவை, பொறுப்பாளர் இல்லாதவை எவை என்று வாரம் ஒருமுறை தனியே எடுத்துப் பார்த்தலே அம்மணியாகும்.

மாணவர்களே, உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னே பெரும்பாலும் ஒரு மனிதர் இருக்கிறார். நண்பருக்குத் திருப்பித் தர வேண்டிய நூலாயினும், தங்கைக்காக நிரப்ப வேண்டிய படிவமாயினும், உரிய நாளில் அது உங்கள் கண்முன் வந்தாக வேண்டும். கருவி எதுவாயினும் ஆகுக. முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் பட்டியலை நீங்கள் என்னென்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை எழுதுங்கள். புலங்கள் தாமே புலப்படும்.