மைக்கோபாக்டீரியங்களிடையே மரபணு இடமாற்றம்

மைக்கோபாக்டீரியங்களிடையே மரபணு இடமாற்றம் என்பது காசநோய், தொழுநோய் ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் மரபணுக்களை அவற்றின் நெருங்கிய உறவினங்களுக்குள் செலுத்தும் ஆய்வக நுட்பங்களைக் குறிக்கும். ஒரு மரபணுவின் பணியை அறியவும், மருந்தெதிர்ப்பின் காரணத்தை உறுதி செய்யவும், பி.சி.ஜி தடுப்பூசியை மேம்படுத்தவும் இவை பயன்படுகின்றன.

பின்னணி: செங்கல்பட்டு ஆய்வு

பி.சி.ஜி என்பது மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கால்மெட், கெரென் ஆகிய இருவரும் 1908 முதல் 1921 வரை திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியம் குன்றச் செய்து பெற்ற வகையாகும். இதன் திறனை அறிய, 1968 இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் (தற்போது திருவள்ளூர் மாவட்டம்) ஏறத்தாழ 2,60,000 பேரிடம் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. 1999 இல் வெளியான 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவும் அதையே காட்டியது. மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களுடன் மக்களுக்கு முன்பே தொடர்பு இருந்தது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனினும் குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோயைத் தடுப்பதால், பி.சி.ஜி இந்தியாவில் தொடர்ந்து போடப்படுகிறது. இதனினும் சிறந்த தடுப்பூசிக்கான தேடலில் மரபணு இடமாற்றம் ஒரு வழியாகும்.

நுட்பங்கள்

மைக்கோபாக்டீரியங்களின் செல்சுவர் மெழுகுத் தன்மை கொண்டது, டி.என்.ஏ எளிதில் உட்புகாது. காசநோய்க் கிருமி ஒரு முறை பிரிவதற்கே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். எனவே பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன.

* பாக்டீரியத்தின்னி வழி: 1987 இல் வில்லியம் ஜேக்கப்சு குழுவினர், எ.கோலியில் பிளாசுமிட்டாகவும் மைக்கோபாக்டீரியத்தில் பாக்டீரியத்தின்னியாகவும் பெருகும் கலப்பு ஊர்தியை உருவாக்கினர்.
* மின்துளையாக்கம்: மின்துடிப்பால் செல்சவ்வில் நொடிப்பொழுது துளைகள் உண்டாக்கி டி.என்.ஏ செலுத்தப்படுகிறது. இதனை எளிதில் ஏற்கும் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் வகையொன்று 1990 இல் அறிவிக்கப்பட்டது. இது விரைந்து வளர்வது. பொதுவாக நோய் விளைவிக்காதது.
* இணைவு: ஸ்மெக்மாட்டிஸ் இனத்தின் சில வகைகள், செல்கள் ஒன்றையொன்று தொடும்போது தம் டி.என்.ஏவை இயல்பாகவே மற்றதற்கு அளிக்கின்றன.

பயன்பாடுகள்

தொழுநோய்க் கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இயலாது. ஆகவே டாப்சோன் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியின் மரபணுவை ஸ்மெக்மாட்டிசில் செலுத்தி, எதிர்ப்பு அம்மரபணுவின் பிறழ்வால் விளைகிறது என்பது நிறுவப்பட்டது.

பி.சி.ஜி வகைகள் அனைத்திலும் ஆர்.டி.1 எனும் மரபணுப் பகுதி இல்லை. காசநோய்க் கிருமியிலிருந்து இப்பகுதி பி.சி.ஜிக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டது. விலங்குகளில் பாதுகாப்பு கூடியது. ஆனால் நோயெதிர்ப்பு குன்றிய எலிகளில் வீரியமும் கூடியது. இழந்த மரபணுவைத் திருப்பித் தருவது, இழந்த தீங்கையும் ஓரளவு திருப்பித் தருவதாகும். இவ்விரண்டையும் பிரிப்பதே இத்துறையின் முதன்மைச் சிக்கலாகும்.